பார்க்காமல் கொடுக்கும் மருந்து

குடியாத்தத்தில் ஒரு மெடிக்கலில் வேலை செய்கிறேன். பின்பக்க நோய்க்கு மருந்து வாங்க வருகிறவர்களைப் படியேறும்போதே தெரிந்துவிடும். மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஓரமாக நின்று பால் பவுடர் டப்பாவின் விலையைப் படித்துக்கொண்டிருப்பார்கள். ஆண்கள் என்றால் "அண்ணன் இல்லியாக்கா?" என்பார்கள். அண்ணன் என்றால் எங்கள் முதலாளி. பெண்கள் அப்படியே நேர்மாறு, அவர் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். கடை காலியானதும் குரல் இறங்கும். "வெளிக்குப் போனா ரத்தமா வருதுக்கா. மூலம்தான். ஒரு மாத்திர, ஒரு ஆயின்மென்ட்டு குடு."

மூலம்தான் என்று யார் சொன்னது? மாமியார் சொன்னார். நைனாவுக்கும் இப்படித்தான் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டதுமே சொல்லிவிட்டார். யூடியூபில் ஒருத்தர் சொன்னார். டாக்டரே சொன்னார் என்றால், "படுக்கவெச்சுப் பாத்தாரா?" என்று கேட்பேன். பெரும்பாலும் இல்லை என்றுதான் தலையாட்டுவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர். கேட்டார், எழுதினார், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். டாக்டருக்கு நேரமில்லை, நோயாளிக்கு வெட்கம். பார்க்காமல் விட்டதில் இரண்டு பேருக்கும் நிம்மதி.

தொண்டை வலி என்று போனால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். காது வலி என்றால் காதைப் பார்க்கிறார்கள். குடலின் கடைசி சில அங்குலத்தில் வரும் நோய்க்கு மட்டும் பார்க்காமலே மருந்து எழுதலாம், பார்க்காமலே விற்கலாம், பார்க்காமலே நாமே பேர் வைத்துக்கொள்ளலாம் என்று நம் ஊரில் ஆகிவிட்டது. இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். நான் டாக்டர் இல்லை, டி.பார்ம் படித்தவள். ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எங்கள் ஊர் வேலைகளைச் சொல்ல வேண்டும். லுங்கித் தறி, தீப்பெட்டி, பீடி. மூன்றுமே உட்கார்ந்து செய்கிற வேலை. உட்கார்ந்தே இருப்பதால் மட்டும் மூலம் வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன்; அதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். வேலை செய்கிற இடத்தில் பெண்களுக்கு உருப்படியான கழிப்பறை இருக்காது. இருந்தாலும் எழுந்து போனால் கூலி குறையும். அதனால் காலையில் ஒரு டம்ளர் டீயோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் ஒரு டம்ளர் டீயோடு சாயந்திரம் வரை. வருகிற உணர்வையும் அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க அடக்க, பெருங்குடல் மலத்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் வேலையே அதுதான். கடைசியில் வருவது கல். அந்தக் கல்லை வெளியே தள்ள முக்குவதில்தான் பாதி நோய் தொடங்குகிறது.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைக்கிற பொருள் அல்ல. ஆசனவாயின் உள்பக்கத்தில் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை மாதிரியான திசு எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. காற்றும் மலமும் தானாகக் கசியாமல் மூடி வைக்க அதுவும் உதவுகிறது. முக்கி முக்கி அது வீங்கி, பிடிப்பு தளர்ந்து கீழே இறங்கும்போதுதான் நோயாகிறது. கர்ப்ப காலத்தில் வருவதும் வயிற்றுக்குள் அழுத்தம் கூடுவதால்தான். உள்மூலத்தில் வலி இருக்காது, அந்த இடத்தில் வலியை உணரும் நரம்பு இல்லை. பளிச்சென்று சிவப்பாக ரத்தம் சொட்டும், சில சமயம் பீச்சியடிக்கும், வலி மட்டும் இருக்காது. டாக்டர்கள் இதை 4 நிலையாகப் பிரிக்கிறார்கள். ரத்தம் மட்டும் வருவது முதல் நிலை. வெளியே வந்து தானாக உள்ளே போவது இரண்டாவது, விரலால் தள்ளினால்தான் போவது மூன்றாவது, தள்ளினாலும் போகாதது நான்காவது.

இந்த நிலைகளைச் சொல்லக் காரணம் உண்டு. முதல் இரண்டு நிலையில் பெரும்பாலானவர்களுக்குக் கத்தியே தேவையில்லை. நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் இருப்பது, கழிப்பறையில் போனோடு உட்காராமல் இருப்பது, இவ்வளவிலேயே பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் உள்மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று சில நாளில் அது தானாக உதிர்ந்துவிடும். படுக்கை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ரப்பர் வளையம் என்றதும் "நெஜமாவாக்கா?" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். மூன்று, நான்காம் நிலைக்குத்தான் ஆபரேஷன் பேச்சு வரும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். "மொளகா அரச்சுத் தடவுன மாதிரி எரியுதுக்கா, போய்ட்டு வந்து ரெண்டு மணி நேரம் குந்த முடியல" என்று சொல்லி மூல மாத்திரை கேட்பார்கள். வெளிக்குப் போகும்போது அறுப்பது போல வலி, அப்புறம் மணிக்கணக்காக எரிச்சல், துடைத்தால் கொஞ்சம் ரத்தம். இது பெரும்பாலும் மூலமே இல்லை, வெடிப்பு. டாக்டர்கள் ஃபிஷர் என்பார்கள். கல்லாக வந்த மலம் ஆசனவாய்த் தோலைக் கிழித்துவிடும், அதிகமாகப் பின்பக்க நடுவில். வலியினால் உள்ளே இருக்கும் தசை இறுகும். இறுகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் போகாவிட்டால் புண் ஆறாது. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் கெட்டியாகும், மறுபடி கிழியும்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்கள் இதில் படும் பாடு தனி. பத்தியம் என்று காய்கறியை நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அதையும் அளந்து கொடுப்பார்கள். பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும்? அந்தப் பெண் கழிப்பறைக்குப் போகவே பயந்து அழும். பாட்டி கடைக்கு வந்து, "புள்ளைக்கு மூலம் வந்துட்ச்சுமா" என்பார். பாட்டியிடம் விவாதம் செய்து பயனில்லை. மலத்தை இளக்கும் இசப்கோல் உமி ஒரு டப்பாவைக் கையில் கொடுத்து, "இதுக்குக் கூடவே முழு சொம்புத் தண்ணி குடிக்கணும், இல்லன்னா இது உள்ள போயி அடச்சிக்கும்" என்று மருந்தின் பேரால் தண்ணீரை உள்ளே அனுப்புகிறேன். பொய்யும் இல்லை, உமிக்குத் தண்ணீர் போதாவிட்டால் நிஜமாகவே மலச்சிக்கல் கூடும்.

வெடிப்பு புதிதாக இருந்தால் வைத்தியம் சுலபம். மலத்தை இளக்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை இடுப்பு முங்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் டப்பில் 10, 15 நிமிடம் உட்கார வேண்டும். தண்ணீரில் உப்போ டெட்டாலோ எதுவும் போட வேண்டாம், சூடுதான் தசையைத் தளர்த்துகிறது. டெட்டால் ஊற்றி எரிச்சலை இரண்டு மடங்கு ஆக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. 6 வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் டில்டியாசெம் 2 சதவீத ஆயின்மென்ட் எழுதுவார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அதே டில்டியாசெம்தான். இங்கே தடவினால் தசை தளர்ந்து ரத்த ஓட்டம் வருகிறது. 6 முதல் 8 வாரம் விடாமல் தடவ வேண்டும். வலி ஒரே வாரத்தில் குறைந்துவிடுவதால் பாதி ட்யூபில் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த மாதம் மறுபடி வருகிறார்கள். அதற்கும் மசியாத பழைய வெடிப்புக்கு உள்தசையில் சின்னதாகக் கீறிவிடும் ஆபரேஷன் இருக்கிறது, நன்றாகவே குணமாகும்.

பழைய வெடிப்பின் ஓரத்தில் தோல் கொஞ்சம் தடித்துத் தொங்கும். கையில் தட்டுப்படுவது அதுதான். "மூலம் வெளிய வந்துட்ச்சு" என்று பயந்துபோய், அந்தத் தோலைச் சுருக்க மூல மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிடுவார்கள். தோல் சுருங்காது. உள்ளே இருக்கும் புண்ணும் ஆறாது.

ஆயின்மென்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டால் கிடைக்கிற மூல க்ரீம்களில் பல, மரத்துப் போகச் செய்யும் மருந்தும் ஸ்டீராய்டும் கலந்தவை. ஒரு வாரம் தடவலாம். அரிப்பும் எரிச்சலும் சட்டென்று அடங்குவதால் மாதக்கணக்கில் தடவுகிறார்கள், தோல் மெலிந்து தானாகவே கிழியத் தொடங்குகிறது. ட்யூபில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. எழுத்தும் படிக்கிற அளவில் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுவரொட்டிகளுக்கு வருவோம். வேலூரிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், கட்டணக் கழிப்பறைச் சுவரில், மின்கம்பத்தில், மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் இருக்கும். மூலம், பவுத்திரம், கத்தியின்றி, ரத்தமின்றி, ஒரே நாளில். பார்மசிப் படிப்பில் மருந்துச் சட்டம் ஒரு பாடம். 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்த நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்தின் மேல் போட்டு விற்கக்கூடாது என்ற பட்டியல் அது. புற்றுநோய், வழுக்கை எல்லாம் இருக்கும் அந்தப் பட்டியலில் மூலமும் பவுத்திரமும் இருக்கின்றன. இதைச் சொன்னால் எங்கள் முதலாளி சிரிப்பார். "சட்டம் புஸ்தகத்துல இருக்கும்மா, போஸ்டர் செவுத்துல இருக்கு" என்பார்.

அப்படி ஒரு இடத்தில் ஊசி போட்டுக்கொண்ட ஒரு தறிக்காரரை எனக்குத் தெரியும். என்ன மருந்து என்று அவருக்கும் தெரியாது, சீட்டும் இல்லை. மூலம் கருகி விழுந்துவிடும் என்றார்களாம். கருகியது மூலம் மட்டும் இல்லை, சுற்றியிருந்த நல்ல தோலும்தான். புண் ஆறும்போது தழும்பு இறுகி வழியே சின்னதாகிவிட்டது. அதை விரிக்க அப்புறம் வேலூரில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. டாக்டர்கள் முறையாகப் போடும் ஊசி வைத்தியமும் இருக்கிறது. ஆனால் அது உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, எந்த இடம் என்று தெரிந்து, அளந்து போடுவது.

பவுத்திரம் மூலத்தின் முற்றிய நிலை என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு நோய். ஆசனவாயின் உள்ளே சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அடைத்துச் சீழ் பிடித்தால் கட்டியாகும், கட்டி வெளியே உடையும். உடைந்ததும் வலி போய்விடும், நல்லதாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் சிலருக்கு உள்ளே தொடங்கிய இடத்திலிருந்து வெளியே உடைந்த இடம் வரை ஒரு சுரங்க வழி நிலைத்துவிடும். சில வாரத்துக்கு ஒரு முறை அடைக்கும், வீங்கும், உடையும், துணியில் சீழ்க்கறை படும். இதற்கு எத்தனை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் வழி மூடாது. வழி எந்தத் தசையைத் தாண்டிப் போகிறது என்று பார்த்துத்தான், சில சமயம் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான், எப்படித் திறப்பது என்று முடிவு செய்வார்கள். கண்மூடித்தனமாக அறுத்தால் மலத்தை அடக்கும் தசை போய்விடும். அப்புறம் வாழ்க்கை முழுக்கத் துணி கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பாரம்பரிய வைத்தியம் என்றாலே போலி என்று சொல்கிறவள் நான் இல்லை. பவுத்திரத்துக்குக் கார நூல் என்று ஒரு முறை உண்டு, வடமொழியில் க்ஷார சூத்திரம். நூலில் இலைக்கள்ளிப் பாலும் நாயுருவிச் சாம்பலிலிருந்து எடுத்த காரமும் மஞ்சளும் பல முறை பூசிக் காயவைத்து, அந்த நூலைப் பவுத்திர வழியில் கோத்துக் கட்டி, வாரா வாரம் மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை ஆபரேஷனோடு ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடத்தி 1991இல் வெளியிட்டது. ஆறுவதற்கு ஆபரேஷனில் 4 வாரம், நூலில் 8 வாரம். ஆனால் திரும்ப வந்தது ஆபரேஷனில் 11 சதவீதம், நூலில் 4 சதவீதம். படித்துத் தேர்ந்த சித்த, ஆயுர்வேத டாக்டர்கள் செய்கிற வைத்தியம் இது, அவர்களும் பார்த்துத்தான் செய்கிறார்கள். சுவரொட்டிக்காரர்கள் இதே பேரைப் போட்டுக்கொள்வதுதான் தொல்லை.

சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்த இடத்தில் கட்டி, கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பற்று போட்டுப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது. சீழ் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பேதிக்கும் இதே கதைதான். லூஸ் மோஷன் என்றால், பார்க்கக்கூட வேண்டாம், கேட்கவாவது வேண்டும்: ரத்தம் போகிறதா, சளி போகிறதா, காய்ச்சல் உண்டா, எத்தனை நாளாக? யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு மருந்து சேர்ந்த ஒரு ஆன்டிபயாடிக் அட்டையைப் பேர் சொல்லிக் கேட்பார்கள், நாலு மாத்திரை போதும் என்பார்கள். தண்ணியாகப் போகிற சாதாரண பேதிக்கு அது பெரும்பாலும் வீண், இரண்டு மூன்று நாளில் தானாக நிற்கும். போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். அதிலும் கூத்து உண்டு. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு அளந்து வைத்தது. உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், இன்னும் இரண்டு உப்புகள். அதை ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் உப்பு அளவு மீறிப்போகும். "கொஞ்சம் கொஞ்சமா போட்டுக் கலக்கிக் குடுக்குறேன்" என்பதும் தப்பு, அளவு மாறிவிடும். மொத்தப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் பாட்டிலில் கொட்டி, 24 மணி நேரத்துக்குள் குடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். குழந்தைக்குக் கூடவே 14 நாள் ஜிங்க். இரண்டாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்டு இனிப்பு ஜூஸை அட்டைப் பெட்டியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் அந்தப் பேரை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. அதற்கு முன்னால் பேதியான குழந்தைக்கு அதை வாங்கிப்போன தாய்மாரை எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறேன்!

இந்த விஷயத்தில் வேலூருக்கு ஒரு பெருமை உண்டு, ஊர்க்காரர்களுக்கே அதிகம் தெரியாது. சி.எம்.சி. என்றால் நமக்குக் காந்தி ரோடு நெரிசலும் வங்காளி எழுத்தில் லாட்ஜ் போர்டும்தான் நினைவுக்கு வரும். 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நீடித்த பேதி கொள்ளைநோயாகப் பரவியபோது, கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள். அது சிறுகுடல் நோய், நம் பேச்சு பெருங்குடல், விடுவோம். பெருங்குடலில் அவர்கள் செய்தது 2000 ஆம் ஆண்டு வெளியானது. டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு, காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். தண்ணீரில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத வகை மக்காச்சோள மாவைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிற மாவுச்சத்தை அங்கே இருக்கும் பாக்டீரியா புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் பெருங்குடல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ள உதவும். பேதியின் அளவும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. வடித்து ஆறவைத்த சோற்றிலும் இந்த வகை மாவுச்சத்து சூடான சோற்றில் இருப்பதைவிடக் கூடுதலாக உண்டு. அதற்காகக் காலராவுக்குப் பழைய சோறு மருந்து என்று கிளம்பிவிடாதீர்கள், அவர்கள் ஆராய்ந்தது அதை அல்ல. ஆனால் பழைய சோற்றைக் கீழாக நினைக்கும் மருமகள்களிடம் சொல்ல எனக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

ரத்தமும் சளியுமாக, காய்ச்சலோடு போனால் அது சீதபேதி. அதற்கு டாக்டர் பார்த்து மருந்து கொடுக்கத்தான் வேண்டும். வாரக்கணக்கில் போனால் விஷயம் வேறு. "அமீபாதான், எனக்கு அஞ்சு வருசமா கீது" என்று மெட்ரோனிடசோல் வாங்குகிறவர்கள் உண்டு. அமீபா ஒழுங்கான மருந்துக்கு அடங்கிவிடும், ஐந்து வருடம் குடியிருக்காது. அவர்களில் நிறையப் பேருக்கு இருப்பது ஐ.பி.எஸ்., அதாவது புண் எதுவும் இல்லாமலே குடல் கலங்கும் கோளாறு. வயிறு பிசைவது, வெளிக்குப் போனால் குறைவது, சில நாள் பேதி, சில நாள் சிக்கல், பரீட்சை, கல்யாணம், கடன் என்றால் கூடுவது. ரத்தம் வராது, உடம்பு இளைக்காது, நடுராத்திரியில் எழுப்பாது. தொல்லை அதிகம், ஆபத்து இல்லை. ரத்தம், இளைப்பு, ராத்திரி எழுப்புவது, இந்த மூன்றில் ஒன்று நடந்தாலும் அதை ஐ.பி.எஸ். என்று விட்டுவிடக்கூடாது. பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் அப்படித்தான் ராத்திரியும் எழுப்பும், ரத்தமும் சளியும் போகும். அதற்கு மெசலமின் மாத்திரை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு. நன்றானதும் நிறுத்திவிடாமல் தொடர வேண்டும். மாத்திரை விலை மாதச் சம்பளத்தைக் கடிக்கும் என்பதால்தான் நிறுத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கிரோன்ஸ் என்ற இன்னொன்று நம் நாட்டில் குடல் டி.பி.யோடு குழம்பும், இரண்டுமே சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைப் பிடிக்கும். கேமரா விட்டுச் சதை எடுத்துப் பார்த்தும் டாக்டர்களே தடுமாறுகிற நோய் அது. அதைக் கவுண்டரில் நின்று கண்டுபிடிக்க முடியுமா?

பீடி சுற்றும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன், "எழுது, பேரு மட்டும் வாணாம்" என்றார். ஐம்பது தாண்டியவர். மூல க்ரீம் எங்களிடம் வாங்குவார், ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரையும் எங்களிடமே வாங்குவார். இரண்டு சீட்டும் வேறு வேறு இடத்தில் எழுதியது. ஒருத்தர் ரத்தம் போவதற்கு எழுதினார், இன்னொருத்தர் ரத்தம் இல்லாததற்கு எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருமில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு, அல்லது எந்த வயது ஆணுக்கானாலும், இரும்புச்சத்து குறைந்தால் குடலில் எங்கேயாவது கசிகிறதா என்று தேட வேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. "ரெண்டு தடவ போயிட்டு வந்தாலும் இன்னும் உள்ள கீற மாதிரியே கீதுமா" என்று அவர் ஒரு நாள் சொன்னபோது, முதலாளியிடம் சொல்லிவிட்டு அவர் மகனைப் போனில் கூப்பிட்டேன்.

அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையுறை போட்டு விரல் விட்டுப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். மலக்குடலில், விரலுக்கு எட்டுகிற தூரத்தில் கட்டி. இத்தனை நாளும் விரலுக்கு எட்டுகிற தூரத்திலேயேதான் அது இருந்திருக்கிறது. சதை எடுத்துப் பார்த்தார்கள், கேன்சர். முதலில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், மாத்திரை, அப்புறம் ஆபரேஷன். கட்டி ரொம்பக் கீழே இருந்ததால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்து, வயிற்றின் இடது பக்கம் வழி வைத்துப் பை மாட்டிவிட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது.

இப்போது அவர் பீடி சுற்றுகிறார். முறத்தை மடியில் வைத்தால் அதன் விளிம்பு பையை அழுத்துகிறதாம், அதனால் வலப்பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார். பை எங்கள் கடையில்தான். முன்பெல்லாம் நாங்கள் வைப்பதில்லை, இப்போது அவருக்காகவே வரவழைக்கிறோம். ஒட்டும் தகட்டில் ஓட்டையைக் குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் கசிந்து சுற்றியுள்ள தோல் வெந்துவிடும். அதை ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லித் தந்ததைவிட இப்போது அவர் எனக்கு நன்றாகச் சொல்லித் தருகிறார். மே மாதம் வியர்வையில் தகடு நிற்பதில்லை, அதுதான் அவருடைய பெரிய புகார். "கம்பெனிக்காரன் இந்த ஊருக்கு வந்து ஒரு வாரம் குந்திப் பாக்கணும்" என்கிறார்.

ரத்தம் வருகிற எல்லோருக்கும் கேன்சர் என்று பயமுறுத்த எழுதவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மூலமோ வெடிப்போதான். ஆனால் 40 வயதுக்கு மேல் புதிதாக ரத்தம், பழக்கம் மாறுவது, மலம் மெலிந்து வருவது, போயும் போகாத மாதிரி இருப்பது, இளைப்பது, ரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் கேன்சர், இதில் எது இருந்தாலும் க்ரீம் வாங்குவதற்கு முன் காட்டிவிட வேண்டும். இளவயதுக்காரர்களுக்கும் இது நம் நாட்டில் வருகிறது, வயசுப்பையன் என்று விட்டுவிட முடியாது.

காட்டுவது என்றால் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் பயம். திரைக்குப் பின்னால் இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை மார்புக்கு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். போர்வை இருக்கும். டாக்டர் முதலில் வெளியே பார்ப்பார். வெடிப்பு இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும், வலி அதிகமென்றால் அன்றைக்கு அதற்கு மேல் போக மாட்டார். இல்லையென்றால் கையுறையில் ஜெல்லி தடவி ஒரு விரல், அப்புறம் வேண்டுமானால் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய். சில நிமிட வேலை. மலம் வந்துவிடுமோ என்ற உணர்வு வரும், வராது. பெண்கள், பக்கத்தில் ஒரு பெண் நர்ஸ் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டாக்டர் பார்க்காமலே எழுதத் தொடங்கினால், "ஒரு தடவ பாத்துடுங்க சார், எனக்கு வெக்கமில்ல" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அவரும் எழுந்து வந்துவிடுவார்.

போகும்போது இதுவரை சாப்பிட்ட அட்டைகளையும் தடவிய ட்யூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை மாத்திரை, சிவப்பு மாத்திரை என்று சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை, ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தனியாகச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், அதையும் சொல்லிவிடுங்கள். முந்தின நாள் பட்டினி கிடக்கவோ பேதி மருந்து குடிக்கவோ வேண்டாம். கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எழுதினால் மட்டும் அவர்களே தேதியும் பவுடரும் தருவார்கள், இல்லை எங்களை மாதிரி கடையில் வாங்கச் சொல்வார்கள். அந்தப் பவுடரைக் கரைத்த தண்ணீர் லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். ருசி சகிக்காது, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குடித்தால் இறங்கும். கடைசியில் போவது தெளிந்த தண்ணீராக இருந்தால்தான் கேமராவில் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி இன்னொரு பாக்கெட் வாங்க எங்களிடமே வர வேண்டியிருக்கும்.